இலவச இணைப்புக்கு எவ்வளவு?

"ஃபைபர் இணைப்பு முற்றிலும் இலவசம்" என்ற நோட்டீஸ் இன்று தெருவுக்குத் தெரு தொங்குகிறது. இலவசம்தான், நேயர்களே. ஆனால் பெரும்பாலும், ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாக முன்பணம் கட்டுகிறவருக்கு மட்டும். மாதாமாதம் கட்டுகிறேன் என்றால் இணைப்புக் கட்டணம் தலைகாட்டும்.

அடுத்தது வரி. மாதம் 500 ரூபாய் என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். ஜிஎஸ்டி தனி என்பது பொடி எழுத்தில். 18 சதவீதம் சேர்ந்தால் பில் 590 ரூபாய். காய்கறிக் கடையில் தராசு முள்ளைப் பார்க்கிற கண், இந்தப் பொடி எழுத்தையும் பார்க்கட்டும்.

ரௌட்டரும் இலவசமா? பல இடங்களில் அது இரவல்தான். இணைப்பை நிறுத்தும்போது அடாப்டரோடு திருப்பித் தந்தால்தான் டெபாசிட் கைக்கு வரும்.

ஒயர் இழுக்க வருபவர் கூடுதலாகக் கேட்டால், ரசீது கேளுங்கள். சொன்னது ஒன்று, வாங்கியது ஒன்றா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஒன்று, ஒன்பது, ஒன்று, ஐந்து. தமிழிலேயே புகார் சொல்லலாம்.