சாட்டைக்காரி வரமாட்டாள்

(ஓசூரில் பேசியது)



1935-ல் பம்பாய் வாடியா மூவிடோன் கம்பெனியார் "ஹண்டர்வாலி" என்றொரு படம் எடுத்தார்கள். அதில் நாடியா முகமூடி போட்டு, சாட்டையெடுத்து, குதிரையேறி, அக்கிரமக்காரர்களை விரட்டினார். 1937-ல் தமிழிலும் கே. டி. ருக்மணி நடித்த "மின்னல்கொடி" வந்தது. இவற்றில் புளுகு அதிகந்தான். ஆனாலும் ஆண்பிள்ளை காப்பாற்றினாலன்றிப் பெண்ணுக்குக் கதியில்லை என்கிற புராணப் புளுகைவிட இது எவ்வளவோ மேல் என்றே சொல்லுவோம்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஹண்டர்வாலி ராஜகுமாரியாயிருந்தும் நியாயம் கேட்க அவளுக்கு முகமூடி வேண்டியிருந்தது!

இன்று ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் தமிழும், தெலுங்கும், கன்னடமும் பேசுகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். மேலாள் ஒருவன் கெட்ட எண்ணத்தோடு கைநீட்டினால் எந்தச் சாட்டைக்காரியும் வரமாட்டாள். அவளுக்குக் காத்திருப்பதும் அவதாரத்துக்குக் காத்திருப்பதும் ஒன்றேயாகும்.

2013-ம் வருஷத்துச் சட்டப்படி 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்திலெல்லாம் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்குத் தலைமை பெண்ணே. அங்கத்தினரில் பாதிக்குக் குறையாமலும் பெண்களே. 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும்.

உங்கள் ஆலைக் குழுவில் யார் யார் என்று நாளைக்கே கேளுங்கள். பத்துப்பேராய்ச் சேர்ந்து கேட்டால் சாட்டையும் வேண்டாம், முகமூடியும் வேண்டாம்.