கம்பம் பள்ளத்தாக்கின் காய்ச்சலும் சிற்றூர் மருத்துவரும்

ஆங்கிலேயர் ஆட்சிக்காலச் சிற்றூர் மருத்துவரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர், அவர் படித்த பள்ளி, பெற்ற பட்டம், வகித்த பதவி என்ற வரிசையில் தொடங்குவது வழக்கம். மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அவ்வரிசை உதவாது. இங்கே மருத்துவரை வரவழைத்ததும் அவருடைய அன்றாட வேலையை வகுத்ததும் காய்ச்சல்தான். குளிர்நடுக்கத்தோடு தொடங்கி, வியர்த்து விட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் திரும்பும் அந்த முறைக்காய்ச்சலே இன்று மலேரியா எனப்படுகிறது.

கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் 1809 முதல் 1811 வரை பரவிய பெருங்காய்ச்சலை ஆராயக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அமைத்த மருத்துவர் குழுவில் வைட்லா ஐன்ஸ்லி என்பவரும் இருந்தார். அவரே 1813இல் சென்னையில் வெளியிட்ட மருந்துப்பொருள் நூலில், நிலவேம்பு போன்ற நாட்டு மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயரோடு பதிந்து, தமிழ் வைத்தியர்கள் அவற்றை எதற்குக் கொடுத்தார்கள் என்பதையும் எழுதினார். நூறாண்டு கழித்து வந்த சட்டங்கள் காட்டாத மரியாதையை நாட்டு வைத்தியத்துக்கு இந்தக் கம்பெனி மருத்துவர் காட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது.

இப்பகுதியின் மருத்துவ வரலாற்றில் மிகக் கடுமையான காலம் மலைமேல் பெரியாறு அணை எழுந்த 1887 முதல் 1895 வரையிலான ஆண்டுகளாகும். அம்மையநாயக்கனூர் (இன்றைய கொடைரோடு) ரயில் நிலையத்தில் இறங்கிய தளவாடங்கள் மாட்டுவண்டியில் பள்ளத்தாக்கின் நீளம் முழுவதையும் கடந்து, கூடலூருக்கு அப்பால் குமுளி மலைப்பாதையில் ஏறின. அதே வழியில் கூலியாட்களும் ஏறினர், நோயுற்றவர்கள் இறங்கினர். காடு வெட்டிய இடத்திலும் கல் எடுத்த குழியிலும் தேங்கிய நீர் கொசுவுக்கு வாய்ப்பானது. ஆனால் மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897இல், அதாவது அணை திறந்து இரண்டாண்டுகளுக்குப் பிறகு. ஆகவே முகாம் மருத்துவர் சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்ற கொள்கையை நம்பி, சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் கொயினாவைக் கொடுத்துக்கொண்டிருந்தார். காரணம் பிழையாயினும் மருந்து சரியாக இருந்தது. அணை வரலாற்றை எழுதிய பொறியாளர் மெக்கன்சி, சாராயத்தின் மருத்துவப் பயன் இல்லாதிருந்தால் வேலையே முடிந்திராது என்ற பொருளில் எழுதியிருப்பதை வேடிக்கையாகக் கடந்துவிட முடியாது. குளிரிலும் காய்ச்சலிலும் கிடந்த கூலியாளுக்கு முகாமில் எளிதில் கிடைத்த ஆறுதல் எது என்பதை அது காட்டிவிடுகிறது. கட்டுமானக் காலத்தில் நோயால் இறந்து அணையருகே புதைக்கப்பட்டோர் தொகை 483 என்று குறிக்கப்படுகிறது.

மலைக்குக் கீழே இருந்த மருத்துவர் ‘ஆஸ்பத்திரி அசிஸ்டென்ட்’ என்ற கீழ்நிலை ஊழியர். இப்பதவியே பின்னர் சப் அசிஸ்டென்ட் சர்ஜன் எனப்பட்டது. அவர் பணியாற்றியது பெரும்பாலும் ‘லோக்கல் பண்டு’ ஆஸ்பத்திரி, அதாவது 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலவரியோடு சேர்த்துத் தண்டிய உள்ளூர் வரியில் நடந்த மருந்தகம். காலையில் வெளிநோயாளிகளைப் பார்ப்பார். வெட்டுக்குத்து வழக்குக்குக் காயச்சான்று எழுதுவார். பிரேத பரிசோதனை செய்வார். காலரா கண்ட ஊருக்கு வண்டி கட்டிப் போவார். மாதந்தோறும் மேலிடத்துக்குக் கணக்கு அனுப்புவார். நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டியில் கம்பவுண்டர் மிக்சரை ஊற்றி, எழுதப் படிக்கத் தெரியாதவரும் வேளைக்கு எவ்வளவு என்று அறியும்படி, ஓரத்தில் பற்கள்போல் வெட்டிய காகிதத் துண்டைப் பசையால் ஒட்டிக் கொடுப்பார். மூன்று வெட்டு இருந்தால் மூன்று வேளை. இரண்டாம் வேளையோடு நிறுத்திவிட்டு நிலவேம்புக் கஷாயத்துக்குத் திரும்பியவர்களை மேலிடத்துக்குப் போன கணக்கு ‘சிகிச்சை பெற்றோர்’ என்றே எண்ணியது. அறிக்கைகளை மட்டும் நம்பி எழுதப்படும் மருத்துவ வரலாறு இந்த இடத்தில்தான் தவறுகிறது.

அறுவை சிகிச்சைக்கு இவ்வூர்களிலிருந்து தொலைவுப் பயணம் தேவைப்பட்டது. அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்டு செஸ்டர் திண்டுக்கல்லில் போதகராகவும் மருத்துவராகவும் இருந்தார். பின்வந்த வான் ஆலன் மதுரையில் எழுப்பிய மிஷன் மருத்துவமனைக்குப் பெரும்பகுதிப் பணம் கொடுத்தவர்கள் உள்நாட்டுச் செல்வர்களே.

சென்னை மாகாண மருத்துவப் பதிவுச் சட்டம் 1914இல் வந்தபோது, பதிவேட்டில் பெயர் உள்ளவரின் சான்றே சட்டப்படி செல்லும் என்றாயிற்று; தலைமுறைகளாகக் கம்பத்திலோ சின்னமனூரிலோ நாடி பார்த்து வந்த வைத்தியர் எழுதித் தந்தது கச்சேரியில் செல்லாக் காகிதமாயிற்று. பின்னர் நாட்டு வைத்திய முறைகளை ஆராய அரசு அமைத்த உஸ்மான் குழு தமிழில் எழுதிய வைத்தியர்களின் சாட்சியத்தையும் ஏற்று 1923இல் அறிக்கை தந்தது; அடுத்து, பனகல் அரசர் அமைச்சரவைக் காலத்தில், கிராமத்தில் குடியேறித் தொழில் செய்யும் மருத்துவருக்கு ஆண்டுதோறும் மானியம் கொடுத்து, ஏழைகளுக்கு இலவசமாக மருந்து தர அவரைக் கடமைப்படுத்தும் திட்டம் தொடங்கியது. முழுநேர அரசு ஊழியருமல்லாத, முழுத் தனித்தொழிலாளருமல்லாத இந்த மருத்துவரே பிற்காலத்தில் ஊரார் ‘எல்.எம்.பி. டாக்டர்’ (உரிமம் பெற்ற மருத்துவர்) என்று அழைத்தவருக்கு முன்னோடி.

ஏலக்காய் வணிகத்தைக் கருதி 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ரயில் விடப்பட்டது; மருத்துவர் மதுரைக்கு அனுப்பிய நோயாளிகளும் அதில் ஏறிச் சென்றனர். இரண்டாம் உலகப்போரின்போது அந்தத் தண்டவாளம் போர்த் தேவைக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. மீண்டும் போடப்பட்டது 1950களில்.