மிச்சம் பிடிக்க வேண்டியது எங்கே?

மாஞ்சோலை லயன் வீட்டில் ஒயர் பழுதானா அது எஸ்டேட் பொறுப்பா இருந்துச்சு. வீட்டைப் பராமரிப்பது நிர்வாகத்தின் கடமை என்றது 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம். 2024இல் விருப்ப ஓய்வு வாங்கி மலையிறங்கிய குடும்பங்களுக்கு, கீழே ஒரு சுவிட்ச் போனாலும் சொந்தச் செலவு!

"அண்ணாச்சி, எவ்வளவு ஆவும்?"

"பாத்துக் குடுங்கக்கா."

அந்தப் 'பாத்து'லதான் பர்ஸே காலி! (சிரிப்பு)

எதிரணி, 'மலிவான ஆளைப் பிடி' என்கிறது. நான் சொல்கிறேன்: கூலி தனி, சாமான் தனின்னு முதல்லயே எழுதி வாங்குங்க. நாலு வேலையைச் சேர்த்து ஒரே நாளில் முடிங்க. அங்கே மிச்சம் பிடிங்க. ஐ.எஸ்.ஐ. ஒயரிலும், எர்த்திலும், 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே கரண்டை வெட்டுற ஆர்.சி.சி.பி.யிலும் பிடிக்காதீங்க. ஒயரை மாத்தலாம், உசுரை மாத்த முடியுமா? (கைதட்டல்)