புலிக்குளம் மாடும் மேய்ச்சற் பூமியும்

(சிம்மக்கல்லில் நம் சங்கத்தார் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



மதுரை, சிவகங்கைச் சீமைகளில் புலிக்குளம் மாடு வளர்ப்போர் அறுவடைக்குப்பின் வயல்களிற் கிடை போடுவர். பயிர்க்காலத்தில் கண்மாய்க் கரைகளையும் மலையடிவாரங்களையும் நாடுவர். அம்மார்க்கம் குறுகிவருகின்றது. 2022-ஆம் வருஷம் சென்னை உயர் நீதிமன்றம் வனங்கள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்து, சின்னாட்களிலேயே அத்தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிக் காப்பகம் என்ற அளவிற் சுருக்கிற்று. ஆயினும் கவலை தீர்ந்தபாடில்லை. மேய்ச்சலின்றேல் கிடை கலையும். கிடை கலைந்தால் வயலுக்கு எருவும் ஜல்லிக்கட்டுக்குக் காளையும் ஏது?

இவ்விஷயத்தில் காங்கேயத்தாரை நாம் கவனித்தல் நலம். அங்கும் மழை சொற்பமே. எனினும் சொந்தப் புன்செய்யிற் கொழுக்கட்டைப் புல் வளர்த்து, முட்கிளுவையால் உயிர்வேலி அடைத்து, இடையிடையே வெள்வேல் மரங்களை விட்டிருக்கின்றனர். இதற்குக் கொறங்காடு என்று பெயர். வெள்வேலின் காய் கோடையில் ஆடுமாடுகளுக்கு ஆகாரம். காட்டைத் துண்டு துண்டாக வேலியிட்டு, ஒன்றில் மேய்கையில் மற்றொன்றுக்கு ஓய்வு கொடுக்கின்றனர். இவ்வோய்வே பிரதானம், அடியோடு மேய்ந்த புல் வேர் வலியிழந்து மறுமழைக்குத் தழையாது. கிணறுள்ளோர் கறவைக்குக் கம்பு நேப்பியர் பயிரிடலாம். கிடைக்கு வேண்டுவது கொறங்காடே.

நம்மவர் பலருடைய புன்செய்கள் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கின்றன. விலைக்கென்றே காத்திருக்கும் நிலங்களைப் பற்றி நாம் பேசவில்லை. ஏனையோர் ஒரு ஏக்கரேனும் வேரோடு களைந்து, புரட்டாசி மழைக்குப் புல்விதை தூவுவாராக. முதல் விதை முற்றி உதிருமட்டும் மாட்டை உள்ளே விடலாகாது.