வரி கட்டுகிறவருக்கு ஒரு நாற்காலி

அண்ணாமலையார் ஊரில், வாசகர் கூட்டத்தில் வந்து சட்டம் பேசுகிறானே என்று எண்ண வேண்டாம். முன்வரிசையில் நூலகர்கள் இருக்கிறீர்கள். "சார், இந்த ஒரு கட்டுரையோட பி.டி.எஃப். அனுப்புறீங்களா?" என்று கேட்கிற மாணவிக்கு என்ன சொல்வது? தினமும் உங்களை வாட்டுகிற கேள்வி அது.

அச்சுப் புத்தகம் என்றால் கொஞ்சம் தெம்பாக நிற்கலாம். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ராமேஷ்வரி ஜெராக்ஸ் கடைமேல் 2012இல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் வழக்குப் போட்டன. மாணவர்களுக்குப் பாடத்தொகுப்பு நகலெடுத்துக் கொடுத்ததுதான் குற்றமாம்! உலகப் பெரும் பதிப்பகங்கள் மூன்று, எதிரே ஒரு நகலகம். 2016இல் உயர் நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் சில கேள்விகள் மறுவிசாரணைக்குப் போயின. 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

மின்னிதழ் சமாசாரம் வேறு. அதை நூலகம் வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறது. உள்வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? சொந்த ஆராய்ச்சிக்கு ஒருவர் நியாயமாகப் பயன்படுத்தப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே கட்டுரையை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்தப் பிரிவு துணைக்கு வருமென்று நம்பாதீர்கள். மொத்தமாக இறக்கினாலோ, கல்லூரி முழுவதற்கும் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். ஆகவே, ஐயா, அம்மா, உரிம ஒப்பந்தத்தை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள்.

2024 நவம்பரில் மத்திய அரசு அரசுக் கல்லூரிகளுக்காக மின்னிதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். மாநில அரசுக் கல்லூரிகளும் உண்டு. மனமார வரவேற்கிறேன். ஆனால் மாவட்ட மைய நூலகத்துக்கு வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அதில் இடமில்லை. 1948 நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறவர் அவர்! நம்மூர் ரமணாசிரமம் 1964இல் தொடங்கிய 'மவுண்டன் பாத்' இதழின் பழைய பிரதிகளை உலகில் எவரும் காசில்லாமல் இணையத்தில் படிக்கலாம். ஆனால் அரசுப் பணத்தில் சந்தா கட்டிய இதழை, வரி கட்டியவர் படிக்க முடியவில்லை.

நூலகத்துக்குள் நேரில் வந்து அமர்ந்து படிப்பவருக்கு அனுமதி தரும் பிரிவு, வெளிநாட்டு நூலகங்கள் போடும் பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. 2027இல் சந்தாக் காலம் முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் மாவட்ட மைய நூலகங்களுக்கு அந்தப் பிரிவைக் கேட்டு இன்று தீர்மானம் போடுங்கள். வாசகத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன், செயலாளரிடம் தருகிறேன்.