பகுதி ஆங்கிலம், விகுதி ஸ்பானியம்

இலக்கணம் என்றதும் வானொலியை நிறுத்திவிடாதீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது 'ஸ்பாங்கிலிஷ்' என்னும் கலப்பு மொழியின் வினைச்சொல். ஐக்கிய அமெரிக்காவிலே நியூயோர்க், மயாமி, லொஸ் ஏஞ்சல்ஸ் முதலிய நகரங்களில், ஸ்பானிய மொழிக் குடும்பங்களிடையே வழங்கும் பேச்சு இது.

வாகனத்தைத் தரித்தல் ஆங்கிலத்தில் 'பார்க்'. இப்பகுதியோடு ஸ்பானிய விகுதியைச் சேர்த்துப் 'பார்க்கேயார்' என்று ஒரு வினையை ஆக்கிக்கொண்டார்கள். 'பார்க்கேயோ' என்றால் தரிக்கிறேன், 'பார்க்கேயாஸ்' தரிக்கிறாய், 'பார்க்கேயாமோஸ்' தரிக்கிறோம். எழுவாய் தோன்றாவிடினும் யார் என்பதை விகுதியே சொல்லிவிடும், நமது வினைமுற்றைப் போல. ஸ்பானிய வினைகள் ஆர், ஏர், ஈர் என மூவகையாய் முடிவன. இரவல் வினைகளோ பெரும்பாலும் முதல் வகையிலேயே போய்ச் சேர்கின்றன. ஒழுங்கு தப்பிய வினைகள் மலிந்த அம்மொழியிலே விருந்தாளிக்கு மட்டும் நேர்ப்பாதை!

ஸ்பானிய அரச கழகம் தன் அகராதிக்காக இப்பேச்சை வரையறுத்தபோது, இரு மொழிக் கூறுகளையும் 'சிதைத்து'க் கலப்பது என்று முதலில் எழுதியது. எதிர்ப்புக் கிளம்பியது. இன்று அச்சொல் அங்கே இல்லை. எதைச் சிதைத்தார்கள்? விகுதியிலே ஒரு கீறல் கூட விழவில்லையே.

2002இல் இலான் ஸ்தாவன்ஸ் என்னும் பேராசிரியர் 'டொன் கிஹோத்தே' நாவலின் முதல் அத்தியாயத்தை இக்கலப்பு மொழியில் பெயர்த்து வெளியிட்டார். கண்டனங்கள் எழுந்தன. மேசையில் இருந்து ஒருவர் கலப்பது வேறு, வாகனம் நிறுத்த இடம் தேடுபவர் அவசரத்திலே கலப்பது வேறு என்பதே என் அபிப்பிராயம்.

என் மாணவன் ஒருவன் கட்டுரையிலே 'பார்க் பண்ணினார்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் கோடிழுத்து, ஓரத்திலே 'மொழிக்கொலை' என்றும் எழுதினேன். பிறகுதான் யோசித்தேன். தமிழ், ஆங்கிலப் பகுதியோடு தன் விகுதியை நேரே ஒட்டவிடுவதில்லை. நடுவே 'பண்ணு' என்பதை நிறுத்தி, காலம், இடம், மரியாதை எல்லாவற்றையும் அதனிடம் ஒப்படைக்கிறது. அந்தப் பையன் இவ்விதியைப் பிசகின்றிக் கையாண்டிருந்தான்.

கோட்டை நான் அழிக்கவில்லை. கட்டுரைக்கு 'நிறுத்தினார்' தான் பொருந்தும். ஓரத்தில் எழுதிய சொல்லை மட்டும் வெட்டிவிட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.