இடைப்பட்ட இரண்டு மணி நேரம்

(பல்கலைக்கழக மாணவர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



பாதுகாப்பு என்னும் சொல் எமது மண்ணிலே நெடுங்காலமாகச் சிறைப்பட்டுக் கிடக்கின்றது. அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தே எம்மவரின் கண்முன் தோன்றுவன காவலரண்களும் முட்கம்பி வேலிகளுமே. 1990 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 5 ஆம் நாள், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த அகதிகளுள் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் மீளவேயில்லை. கல்விக்கூடத்தின் மதிற்சுவர் தானாக எவரையும் காத்துவிடாது என்பதை எமக்கு வேறு எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

அக்கொடுமைக்கான நீதியைக் கேட்கும் குரல் ஓயாது, ஓயவும் கூடாது. ஆயின் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அதனோடு உடன்பிறந்த வேறொன்று. தீயோ, வெள்ளமோ, கடலோ, வெறிகொண்ட ஒருவனின் துப்பாக்கியோ ஒரு பல்கலைக்கழகத்தின் வாயிலை வந்து தட்டும்போது, அங்கே பயிலும் பிள்ளைகளைக் காப்பதற்கு முன்னரே வகுத்த ஒழுங்கு உண்டா? உண்டெனில் அதனை அறிந்தவர் எத்தனை பேர்? இதுவே எமது கேள்வி.

செல்வமும் விஞ்ஞானமும் செழித்த நாடொன்றில் நிகழ்ந்ததை முதலிற் கூறுவோம். அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் வேர்ஜீனியா டெக் என்னும் பல்கலைக்கழகம் உண்டு. 2007 ஆம் ஆண்டு ஏப்ரில் 16 ஆம் நாள் காலை 7.15 மணியளவில், அதன் விடுதியொன்றில் மாணவர் இருவர் சுடப்பட்டனர். பொலிசார் விரைந்து வந்தனர். 8.25 மணிக்கு நிருவாகத்தின் மேலோர் கூடி ஆராயத் தொடங்கினர். மாணவருக்கு முதல் மின்னஞ்சல் சென்றதோ 9.26 மணிக்கு. அதிலும் துப்பாக்கிச் சம்பவம் ஒன்று நிகழ்ந்ததென்றும் எச்சரிக்கையாயிருக்குமாறும் கூறப்பட்டதேயன்றி, சுட்டவன் பிடிபடாது உலவுகின்றான் என்ற செய்தி இருக்கவில்லை. சிறிது நேரத்தில் அவன் நோரிஸ் மண்டபத்தினுட் புகுந்து, வாயில்களைச் சங்கிலியாற் பிணைத்துவிட்டு, வகுப்பு வகுப்பாகச் சென்று சுட்டான். அங்கே மாத்திரம் மடிந்தவர் 30 பேர். அன்று அவன் கொன்றவர் மொத்தம் 32 பேர்.

முதல் வேட்டுக்கும் இரண்டாம் படுகொலைக்கும் இடையே இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருந்தது. அந்நேரம் எங்கே போயிற்று? ஆராய்ந்த குழுவினர் கண்டறிந்தது இது: வளாகப் பொலிசாருக்குத் தாமாக எச்சரிக்கை அனுப்பும் வசதி இருக்கவில்லை. செய்தியை வெளியிடும் வாய்ப்பு நிருவாகத்தில் மிகச் சிலரின் கையில் இருந்தது. சொன்னாற் பீதி பரவுமே என்ற அச்சமும் அவர்களிடையே இருந்தது. அறிவுக்குக் குறைவில்லை, பொருளுக்கும் குறைவில்லை. யார் சொல்வது, எப்போது சொல்வது என்பதை முன்கூட்டித் தீர்மானித்து வையாமையே குறை.

அதே மண்டபத்தில் மற்றுமொன்றும் நிகழ்ந்தது. ஓர் அறையில் இருந்தவர்கள் பெரிய மேசையொன்றைக் கதவோடு சாய்த்து, உடலின் பலத்தையெல்லாம் கூட்டித் தாங்கிக்கொண்டனர். அவ்வறையில் ஒருவருக்கும் காயமில்லை. மற்றோர் அறையில், நாசிகளின் கொடுமையிலிருந்து தப்பிவந்த 76 வயதுப் பேராசிரியர் லிவியு லிபரெஸ்கு கதவைத் தம் உடலால் தடுத்து நிற்க, மாணவர் பலர் யன்னல் வழியே குதித்து உயிர் தப்பினர். பேராசிரியர் மாண்டார். அவரது தியாகத்திற்குத் தலை வணங்குவோம். ஆயினும் நண்பர்களே, ஆசிரியரின் உடலைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக்கும் நிலையில் ஒரு கல்விக்கூடத்தை வைத்திருப்பது பெருமையாகுமா?

அந்நாட்டார் அத்துயரிலிருந்து கற்றுக்கொண்டனர். 1986 ஆம் ஆண்டில் லீஹை பல்கலைக்கழக விடுதியொன்றிலே, தானே பூட்டிக்கொள்ளும் கதவுகள் மூடாதவாறு தடைவைத்துத் திறந்துவிடப்பட்டிருந்தமையால் உட்புகுந்தவன் ஒருவனால் 19 வயது மாணவி கொலையுண்டாள். பெற்றோர் அயராது போராடினர். அதன் பயனாக 1990 இல் எழுந்ததே கிளெரி சட்டம். வளாகத்தில் நிகழும் குற்றங்களை மறையாது வெளியிடவும், ஆபத்து நேருமிடத்து எச்சரிக்கவும் அச்சட்டம் பணித்தது. வேர்ஜீனியாத் துயரின் பின், 2008 இல், உடனடி அறிவிப்பையும் ஆண்டுதோறும் ஒத்திகையையும் சட்டமே கட்டாயமாக்கிற்று. வேர்ஜீனியா டெக் உரிய வேளையில் எச்சரிக்கத் தவறியமைக்காக அரசாங்கத்தின் கல்வித் திணைக்களம் அதற்குத் தண்டமும் விதித்தது.

இது தொலைதேசத்துக் கதை என்று எவரும் அலட்சியம் பண்ண வேண்டாம். எமக்கும் ஓர் இரண்டு மணி நேரம் தரப்பட்டிருந்தது. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறை நாள். இலங்கை நேரப்படி காலை 7 மணியளவில் சுமாத்திராவின் அருகே கடலடி நிலம் பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்பே எமது கிழக்குக் கரையிற் பேரலை ஏறியது. பூமி அதிர்ந்ததைப் பசிபிக் சமுத்திரத்து எச்சரிக்கை நிலையம் சில நிமிடங்களில் அறிந்திருந்தது. இந்து சமுத்திரத்திற்கோ அத்தகைய ஒழுங்கே இருக்கவில்லை. கிழக்கை அலை விழுங்கிய செய்திகூட வேளையோடு தெற்கை எட்டவில்லை. பெரலியவில் நின்ற புகையிரதத்தை அலை கவிழ்த்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடு முழுவதிலும் இழந்தோர் 30,000 இற்கும் மேல். அவர்களுள் தமிழரும் உளர், முஸ்லிம்களும் உளர், சிங்களவரும் உளர். அலை மொழி கேட்டு வரவில்லை.

அடுத்த ஆண்டு, 2005 இல், இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறிற்று. நிலையம் ஒன்று அமைந்தது. 117 என்னும் இலக்கமும் வந்தது. வரவேற்கின்றோம். ஆயின் கொழும்பில் ஒரு நிலையம் இருப்பதும், நள்ளிரவில் விடுதியில் உறங்கும் முதலாண்டு மாணவி எப்பக்கம் ஓடவேண்டுமென அறிந்திருப்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்க நாம் கேட்பன ஐந்து.

முதலாவது, எச்சரிக்கும் அதிகாரம் முன்னரே வகுக்கப்படல் வேண்டும். உபவேந்தர் ஊரில் இல்லையெனில் யார், அவரும் இல்லையெனில் யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இரவுக் காவலாளியும் அபாய மணியை அடிக்கலாம் என்ற உரிமை வேண்டும். பிழையாக அடித்த மணிக்காக எவரும் தண்டிக்கப்படலாகாது.

இரண்டாவது, எச்சரிக்கை தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வேளையில் ஒலிக்க வேண்டும். 1956 ஆம் ஆண்டுச் சட்டம் எமது மொழியைப் புறந்தள்ளிற்று. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரச கரும மொழியென எழுதிற்று. ஏட்டில் எழுதிய மொழி ஆபத்து வேளையில் ஒலிபெருக்கியில் எழாவிடின் அந்த எழுத்தினால் யாது பயன்? பேராதனையிற் பயிலும் தமிழ் மாணவனுக்கு நாம் கேட்கும் இவ்வுரிமை, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பயிலும் சிங்கள மாணவனுக்கும் உரியதே. நமக்கு வேண்டுமென்பதைப் பிறர்க்கு மறுப்போமாயின் எமது கோரிக்கை நீதியாகாது.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒத்திகை நடைபெற வேண்டும். ஒத்திகை பாராத திட்டம் பெட்டியிற் பூட்டிய குடைக்கு ஒப்பாகும். மழை வந்தபின் சாவியைத் தேடுவோம்.

நான்காவது, விடுதிகளிலும் ஆய்வுகூடங்களிலும் நூல்நிலையங்களிலும் வெளியேறும் வழிகள் அடைபடாதிருக்க வேண்டும். கண் தெரியாத, நடக்கவியலாத மாணவரை அழைத்துச் செல்வோர் யாரெனப் பெயர் குறித்து வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, இவ்வொழுங்கு மாணவரையும் ஊழியரையும் சேர்த்து வகுக்கப்படல் வேண்டும். பாதுகாப்பின் பெயரால் வளாகத்தினுள் ஆயுதம் தரித்தோரைக் குடியேற்றுவதற்கு இது சாட்டாகக் கூடாது. நாம் கேட்பது பிள்ளைகளைக் காக்கும் ஒழுங்கு. பிள்ளைகளைக் கண்காணிக்கும் ஒழுங்கன்று.

மாணவ நண்பர்களே, அரசாங்கத்திடம் கேட்பதோடு எமது கடமை தீர்ந்துவிடாது. இன்றிரவு விடுதிக்குத் திரும்பியதும் உங்கள் அறையிலிருந்து வெளியேற எத்தனை வழிகள் உள்ளனவென எண்ணிப் பாருங்கள். அவற்றுள் எது பூட்டியிருக்கின்றது, சாவி யாரிடம் இருக்கின்றது என விசாரியுங்கள். விடை கிடையாவிடின் நாளைக் காலையே கூட்டாகச் சென்று நிருவாகத்திடம் கேளுங்கள், எழுத்திற் கேளுங்கள்.

ஆபத்து எப்போது வருமென்று எவராலும் கூற முடியாது. ஆனால் அது வருவதற்கும் கொல்வதற்கும் இடையே சிறிது காலம் கிடைக்கக்கூடும். 2004 இல் எமக்குக் கிடைத்த காலம் வீணாயிற்று. இனிக் கிடைக்கும் காலம் வீணாகாதிருக்க, இன்றே ஆவன செய்வோம்.